டெல்லியில் இரண்டு கூட்டங்கள்

அம்மாயியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அதனுடைய தகரப்பெட்டியைத் திறந்தோம். பெருமாள்மலை வீட்டில், பரண் மேல், பழைய கம்பளிக்கு அடியில் இருந்தது. உள்ளே இரண்டு சேலை, ஒரு வெற்றிலைப் பை, பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்த காகிதம். அம்மா அதை எடுத்துப் பிரித்து, "இதான்டா நாங்க வந்த கார்டு" என்றாள். இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு அரசு கொடுத்த குடும்ப அட்டை. தாத்தா பெயர், அம்மாயி பெயர், ஆறு வயதுப் பிள்ளையாக என் அம்மாவின் பெயர்.

அரசாங்க மொழியில் இவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. அம்மாயி பிறந்தது கண்டிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அதன் அம்மா பிறந்ததும் அங்கேதான். கப்பல் ஏறும்வரை இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத ஊருக்கு எப்படித் 'திரும்பி' வர முடியும் என்று கல்லூரி நாட்களில் ஒருமுறை கேட்டேன். "எழுதுறவனுக்கு என்னா தெரியும் தம்பி, அவன் கப்பல்லயா வந்தான்?" என்றது.

அந்த அட்டையின் வேரைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது 1964 என்ற ஆண்டில் போய் நின்றேன். அந்த ஒரே ஆண்டில், ஒரே நகரத்தில், தமிழைப் பற்றி ஒரு கூட்டமும் தமிழர்களைப் பற்றி இன்னொரு கூட்டமும் நடந்திருக்கின்றன. முதலாவதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இரண்டாவதன் காகிதம் எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது.

*

முதல் கூட்டம் ஜனவரியில். டெல்லியில் 26ஆவது அகில உலகக் கீழைத்தேயவியல் அறிஞர் மாநாடு நடந்துகொண்டிருந்தது. உலகம் முழுவதிலுமிருந்து வடமொழி, அரபி, சீனம், பாரசீகம் என்று ஆய்வு செய்கிறவர்கள் வந்திருந்தார்கள். அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவராக இருந்த சேவியர் தனிநாயகம் அடிகளும், மொழியியலாளர் வ.அய். சுப்பிரமணியமும் தமிழிலும் திராவிட மொழிகளிலும் ஆர்வமுள்ளவர்களைத் தனியே கூட்டினார்கள். 1964 ஜனவரி 7 அன்று உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது.

பொறுப்பாளர்கள் பட்டியலைப் பாருங்கள். தலைவர் பிரான்சின் ழான் ஃபிலியோசா. துணைத் தலைவர்களில் இங்கிலாந்தின் தாமஸ் பரோ, அமெரிக்காவின் மர்ரே எமனோ, நெதர்லாந்தின் கைப்பர், நம் மு. வரதராசன். செயலாளர்கள் தனிநாயகம் அடிகளும் செக் நாட்டின் கமில் சுவலபிலும். ஐரோப்பா இரண்டு முகாம்களாகப் பிரிந்து கிடந்த காலம் அது. கம்யூனிஸ்ட் பிராகிலிருந்து ஒருவர், பாரிசிலிருந்து ஒருவர், யாழ்ப்பாணத்துக்கு அருகே ஊர்காவற்றுறையில் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் என எல்லோரையும் ஒரு மேசையில் உட்கார வைத்தது தமிழ்.

தனிநாயகம் அடிகளின் வாழ்க்கையே ஒரு நீண்ட பயணம். 1913இல் பிறந்தவர். ரோமில் இறையியல் படித்தார். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோதுதான் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சங்க இலக்கியத்துக்குள் போனார். 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். தமிழ்நாட்டுக்கு வெளியே இருப்பவனுக்குத் தமிழைப் பற்றிச் சொல்ல அவனுக்குப் புரியும் மொழியில் ஓர் இதழ் வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அதன் பிறகு நடந்தவை வேகமானவை. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் மாநாடு. மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடங்கி வைத்தார். 1968 ஜனவரி 3 முதல் 10 வரை சென்னையில் இரண்டாவது. அது முடிந்து இரண்டு வாரம்கூட ஆகாத ஜனவரி 23 அன்று, அண்ணா முதலமைச்சராக இருந்த சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1970இல் பாரிசில் மூன்றாவது மாநாடு. அதே ஆண்டு சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் உருவானது. இடையில் 1967இல் 'யுனெஸ்கோ கூரியர்' இதழின் தமிழ்ப் பதிப்பும் வரத் தொடங்கியிருந்தது. மணவை முஸ்தபாவின் ஆசிரியப் பொறுப்பில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது வந்தது. விண்வெளி, ஆப்பிரிக்கச் சிற்பம், கடல் ஆய்வு என எதையும் தமிழில் சொல்ல முடியும் என்று அந்த இதழ் மாதாமாதம் நிரூபித்துக்கொண்டிருந்தது. அவர் பிற்காலத்தில் தொகுத்த கலைச்சொல் அகராதிகளுக்கு அந்த மொழிபெயர்ப்பு வேலையே பட்டறை.

ஒரு மொழி தன் எல்லையைத் தாண்டி மற்றவர்களோடு கைகோப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. படிக்கும்போது பெருமையாகத்தான் இருந்தது.

*

இரண்டாவது கூட்டம் அதே ஆண்டு அக்டோபரில். லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் டெல்லியில் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். அக்டோபர் 30 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது.

பின்னணி இது. பிரிட்டிஷ்காரர்கள் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் அப்படி ஒன்பது லட்சத்து எழுபத்தைந்தாயிரம் பேர் இருந்ததாக இரு அரசுகளும் கணக்கு வைத்துக்கொண்டன. ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏழு பேர் கப்பல் ஏறினால் நாலு பேருக்கு அங்கே குடியுரிமை என்பது விகிதம். பதினைந்து ஆண்டுகளில் முடிக்க வேண்டும்.

தோட்டத் தொழிலாளர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களுடைய சங்கங்களைக் கலந்துகொள்ளவும் இல்லை.

பத்து மாத இடைவெளியில் ஒரே நகரத்தில் நடந்த இந்த இரண்டையும் நான் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்த்தேன். ஜனவரியில், தமிழ் உலகத்துக்குச் சொந்தமான மொழி என்று பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து சொல்கிறார்கள். அக்டோபரில், அந்த மொழியைப் பேசுகிற ஐந்தே கால் லட்சம் பேர் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்பதை இரண்டு அரசுகள் பேசி முடிக்கின்றன. தனிநாயகம் அடிகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஓர் ஆய்வு மன்றத்தால் அந்த ஒப்பந்தத்தை என்ன செய்திருக்க முடியும்? ஆனால் மொழிக்குக் கிடைக்கும் மரியாதை அதைப் பேசுகிறவனுக்குத் தானாக வந்து சேராது என்பதை எனக்கு அந்தத் தாள் சொன்னது.

பத்தாண்டு கழித்து இந்த இரட்டைக் கதை மறுபடியும் நடந்தது. 1974 ஜனவரியில் நான்காவது மாநாடு. கொழும்பில் நடத்தச் சொன்னது அரசு. யாழ்ப்பாணத்தில்தான் என்று நின்றார்கள் பேராசிரியர் சு. வித்தியானந்தனும் அவரோடு இருந்தவர்களும். கடைசி நாளான ஜனவரி 10 இரவு, வீரசிங்கம் மண்டபத்தின் முன்னால் திரண்டிருந்த கூட்டத்தின் மீது போலீஸ் பாய்ந்தது. கண்ணீர்ப்புகை, அறுந்து விழுந்த மின்கம்பி, உயிர்ப்பலி. அதே ஜனவரியின் கடைசி வாரத்தில் டெல்லியில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை ஆளுக்கு எழுபத்தைந்தாயிரம் என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

அந்த வருடம் தோட்டங்களில் பஞ்சம். அம்மாயிக்கு மாநாடும் தெரியாது, ஒப்பந்தமும் தெரியாது. "மாவுக்கு வரிசையில நின்னது தெரியும்" என்று சொல்லும். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிவு செய்து, கடைசியில் இந்த மலைக்கு வந்தார்கள். குளிரும் மேகமும் கண்டி மாதிரியே இருக்கும் என்று யாரோ தாத்தாவிடம் சொல்லியிருக்கிறார்கள். இங்கே தேயிலை இல்லை. வாட்டில் மரத்தில் பட்டை உரிக்கிற வேலை. முன்பணம் வாங்கிய கடன் தீரவே தீராது என்பது அம்மாயி சொல்லித்தான் எனக்குத் தெரியும். குளிர் மட்டும் சொன்ன மாதிரியே இருந்தது.

*

அம்மாயி பேசிய தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வீட்டு முன்திண்ணை அதற்கு 'இஸ்தோப்பு'. சமையற்கட்டு 'குசினி'. ரொட்டிக் கடை பன்னுக்குப் பக்கத்தில் இருக்கும் நீள ரொட்டி 'பாண்'. வேலைக்கு ஆள் கூப்பிட்டுக் கணக்கெடுக்கும் இடம் 'பெரட்டுக் களம்'. பெருமாள்மலைக் கடையில் போய் "ஒரு பாண் குடுங்க" என்று கேட்டபோது கடைக்காரர் சிரித்ததையும், அப்புறம் தெருவே "சிலோன்காரம்மா பாண் வாங்க வந்துருச்சு" என்று கிண்டல் செய்ததையும் அம்மா இன்றும் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் அம்மாவை 'சிலோன்' என்றுதான் கூப்பிட்டார்களாம். அவள் மூன்றே மாதத்தில் பேச்சை மாற்றிக்கொண்டாள். அம்மாயி கடைசிவரை மாற்றவில்லை.

பாணும் குசினியும் போர்த்துக்கீசியச் சொற்கள் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. சிரித்த கடைக்காரர் வீட்டு ஜன்னலும், அலமாரியும், சாவியும்கூட அதே கப்பலில் வந்தவைதான். அவற்றை யாரும் கிண்டல் செய்வதில்லை. அவை மெஜாரிட்டியின் வாயில் இருப்பதால் தமிழாகிவிட்டன.

இங்கே மறுபடியும் தனிநாயகம் அடிகள் வருகிறார். அந்தாம் தெ ப்ரோயென்சா என்ற போர்த்துக்கீசிய இயேசு சபைப் பாதிரியார் 17ஆம் நூற்றாண்டில் ஒரு தமிழ் – போர்த்துக்கீசிய அகராதியைத் தொகுத்தார். அவர் இறந்த பிறகு, 1679இல், கேரளத்தின் அம்பலக்காட்டில் அது அச்சானது. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். வத்திக்கான் நூலகத்தில் இருந்த பிரதியைக் கொண்டு 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியாக அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் தனிநாயகம் அடிகள். அம்பலக்காடு, ரோம், கோலாலம்பூர் என்று மூன்று ஊர் சுற்றி அந்த அகராதி நம்மிடம் திரும்பியது. நிஜமாகவே தாயகம் திரும்பியது என்று சொன்னால் அதைச் சொல்லலாம்.

*

இதுவரை எழுதியதில் என் வீடு பாதிக்கப்பட்ட பக்கத்தில் இருக்கிறது. கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கு வசதி.

பெருமாள்மலையில் வத்தலக்குண்டு சாலை கொடைக்கானலுக்கு ஏறுகிறது. இங்கேயே பழனிக்கு ஒரு சாலை பிரிகிறது. அடுக்கம் வழியாகப் பெரியகுளத்துக்கு இன்னொன்று இறங்குகிறது. நாலு பக்கத்து ஆட்களும் வந்து நிற்கும் இடம். மலைக்காட்டிலிருந்து தேனும் கடுக்காயும் கொண்டுவரும் பளியர்களும் வருவார்கள். என் வகுப்பில் ஒரு பளியர் பையன் இருந்தான். அவன் வாய் திறந்தாலே பின்பெஞ்ச் சிரிக்கும். அவன் பேச்சின் ராகத்தை அப்படியே பேசிக் காட்டுவதில் நான்தான் கெட்டிக்காரன். வாத்தியாரே ஒருமுறை பேசிக் காட்டச் சொல்லி ரசித்தார். ஏழாம் வகுப்புக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை.

'சிலோன்' என்று கூப்பிடப்பட்டவளின் மகன்தான் இதைச் செய்தேன்.

பளியர் பேச்சு தமிழின் வட்டார வழக்கா, தனி மொழியா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் அவர்களைப் பற்றி எழுதப்பட்டது கொஞ்சம் அல்ல. பெருமாள்மலையிலிருந்து மேலே போகும் சாலையில் செண்பகனூர் வரும். 1895இல் தொடங்கிய இயேசு சபையினரின் திரு இருதயக் கல்லூரி அங்கே இருக்கிறது. மதுரை மிஷன் பற்றிய பழைய ஆவணங்களின் காப்பகமும் அங்கேதான். இந்த மலைகளில் வேலை பார்த்த டாமன் என்ற பாதிரியார், பழனி மலைப் பளியர்களைப் பற்றி 1908இல் 'ஆந்த்ரோபோஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். வில்ஹெல்ம் ஷ்மிட் ஆஸ்திரியாவில் தொடங்கிய மானுடவியல் இதழ் அது. 1960களின் தொடக்கத்தில் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் பளியர்களோடு தங்கி ஆய்வு செய்தார். வெளியாட்களோடு பழக ஒரு முறையும் தங்களுக்குள் வாழ இன்னொரு முறையும் வைத்திருக்கும் இரட்டைத் திறன் அவர்களுடையது என்று பின்னாளில் ஒரு புத்தகமே எழுதினார்.

ஆக, பளியர்களைப் பற்றி ஆஸ்திரிய இதழ் ஒன்று 1908லேயே எழுதிவிட்டது. பளியர் பையனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு எங்கள் பாடப்புத்தகம் ஒரு வரி சொல்லவில்லை.

*

தேசிய அளவில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை 14 மொழிகளோடு தொடங்கியது, இன்று 22. பிரிவு 350ஏ, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. அது 1956இல் சேர்க்கப்பட்டது. 1969இல் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் வந்தது. பண்பாட்டு வெளிப்பாடுகளின் பன்மையைக் காக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 2005இல் உருவானது. அடுத்த ஆண்டே இந்தியா அதை ஏற்றது. காகிதத்தில் குறை சொல்ல முடியாது.

கணக்கெடுப்புக்கு வந்தால் கதை மாறுகிறது. 2011இல் இந்தியர்கள் தங்கள் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் 19,569. சரிபார்த்து, சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, 1,369 தாய்மொழிகளாக ஆக்கினார்கள். அதிலும் பத்தாயிரம் பேருக்கு மேல் பேசுகிறவற்றை மட்டும் எடுத்து, 121 மொழிகளின் கீழ் தொகுத்து வெளியிட்டார்கள். பத்தாயிரத்துக்குக் கீழே இருப்பவை 1971லிருந்தே பட்டியலில் பெயரோடு வருவதில்லை. பளியர் வீட்டுக்கு வரும் கணக்கெடுப்பாளர் பெரும்பாலும் கேள்வியே கேட்காமல் 'தமிழ்' என்று எழுதிவிட்டுப் போவார். 'மற்றவை' என்ற பெயருக்குள்கூடப் போகாமல் ஒரு பேச்சு காணாமல் போக இதுவே போதும்.

2013இல், பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளை ஆவணப்படுத்த ஒரு திட்டம் மைசூர் நிறுவனத்தின் வழியாகத் தொடங்கியது. 2024 தமிழ்நாடு பட்ஜெட்டில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகளை ஆவணப்படுத்த இரண்டு கோடி ரூபாய் ஒதுக்குவதாகச் சொன்னார்கள். நல்ல தொடக்கம். அந்தப் பெயர்களில் எங்கள் மலையின் பெயரைத் தேடினேன். இல்லை.

"இத்தனை சின்னச் சின்னப் பேச்சையெல்லாம் காப்பாத்தி என்ன பண்ணப் போறோம்?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். தமிழுக்காக உயிரைக் கொடுப்பேன் என்று ஸ்டேட்டஸ் போடுகிறவன். 1964 ஜனவரிப் பட்டியலையே அவனுக்குப் பதிலாகக் காட்டினேன். மன்றத்தின் துணைத் தலைவர் எமனோ, 1930களில் நீலகிரியில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டுக் கேட்டு எழுதியவர். செயலாளர் சுவலபில் பிற்பாடு இருளர் மொழிக்கு இலக்கணம் எழுதினார். எமனோவும் பரோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில், ஒரு தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்திலேயே கோத்தர் சொல்லும் தோடர் சொல்லும் சாட்சி சொல்ல நிற்கின்றன. சமஸ்கிருதத்திலிருந்து பிறந்ததல்ல, தனிக் குடும்பம் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அந்த வழக்கில் சில நூறு பேர், சில ஆயிரம் பேர் பேசும் மலைமொழிகளும் சாட்சிக் கூண்டில் ஏறியிருக்கின்றன. தமிழின் உலகக் கூட்டுறவைக் கட்டியவர்கள் பெரிய மொழி, சின்ன மொழி என்று பார்க்கவில்லை. அந்தப் பாடத்தில் மாநாட்டுப் பந்தலை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம்.

டெல்லி நம் மொழியை ஒரு பட்டியலில் கீழே வைத்தால் நமக்குக் கோபம் வருகிறது. வர வேண்டும். அதே கணக்கைச் சென்னையும், பெருமாள்மலைப் பள்ளியும், பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த நானும் பளியர் பையனிடம் காட்டினோம்.

*

போன மாதம் அவனைப் பார்த்தேன். பெருமாள்மலை முக்கில் ஜீப் ஓட்டுகிறான். தயங்கித் தயங்கிப் போய்ப் பேசினேன். டீ வாங்கிக் கொடுத்தான். என்னைவிடச் சுத்தமான மதுரைத் தமிழ் பேசினான்.

"உங்க பேச்சை வீட்ல பேசுவீங்களா?"

"எங்கம்மா பேசும். நான் பேசுறது குறைஞ்சு போச்சு. பிள்ளைகளுக்குச் சுத்தமா வராது."

"ஏன்?"

என்னை ஒருமுறை பார்த்தான். "ஸ்கூல்ல சிரிப்பாங்கல்ல" என்றான். கோபமே இல்லை அந்தக் குரலில். எனக்கு டீ இறங்கவில்லை. அன்றைக்குச் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "அட விடுப்பா, அது ஆச்சு இருவது வருசம்" என்று சொல்லிவிட்டு, வந்த சவாரியைப் பார்க்கப் போனான்.

திரும்பி வந்து அவனே சொன்னான்: "எங்கம்மாவுக்குத் தேனெடுக்கிற கதையெல்லாம் நெறையத் தெரியும். கேக்கணும்னா ஞாயித்துக்கிழமை வா. போன்ல பிடிச்சு வச்சா எம்பிள்ளைகளும் கேக்கும்ல."

இரண்டு ஞாயிறு போய் வந்துவிட்டேன். அந்த அம்மா முதல் நாள் எனக்காகத் தமிழில்தான் பேசியது. பேத்தியைப் பார்த்துப் பேசச் சொன்ன பிறகுதான் பேச்சு மாறியது. எனக்குப் பாதிதான் புரிந்தது. பேத்திக்கும் பாதிதான். அவள் நடுநடுவே "அப்டின்னா என்னா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், பாட்டி நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டே இருந்தது. பதிவு ஒரு மணி நேரம் ஓடியிருக்கிறது. அதை அவர்கள் வீட்டு போனிலும் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அம்மாயியின் குரல் என்னிடம் பதிவாக இல்லை. ஒரு குடும்ப அட்டைதான் இருக்கிறது.